மஸ்கட்டில் இருந்துகொண்டு சேலத்தில் தார் ஜீப் வாங்கலாமா?

கன்னங்குறிச்சித் தம்பிக்கு,

மஸ்கட் வந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை, முதல் லீவில் ஊருக்குப் போகும்போது கூரை கழற்றுகிற மஹிந்திரா தார் ஜீப் ஒன்றை எடுத்துவிட ஆசை, நீங்கள் இல்லாத நாட்களில் அப்பா பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். அது சரிப்படாது என்றால் அந்தக் காசில் மஸ்கட்டிலேயே ஜீப் கம்பெனியின் பழைய ராங்லர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதுதான் உங்களுக்கு முதல் கார் என்பதையும் கவனித்தேன். நான் இப்போது லீவில் சேலம் அழகாபுரம் வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்த பிறகு மச்சினனின் சாஃப்ட் டாப் (துணிக்கூரை) தாரை இரவல் வாங்கிக்கொண்டு ஏற்காடு போய்வந்தேன். அதனால் பார்த்ததை வைத்தே பதில் சொல்ல முடிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போது வாங்காதீர்கள். மஸ்கட்டில் வாங்கலாம், ஆனால் ஓமன் லைசென்ஸ் கைக்கு வந்து, வேலையும் நிலைத்த பிறகு. எந்த வண்டியும் ஓட்டுகிறவன் இருக்கிற ஊரில் இருப்பதுதான் நல்லது. திறந்த ஜீப்புக்கு அது இன்னும் கட்டாயம்.

உங்கள் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. சேர்வராயன் மலை அடிவாரத்தில் வளர்ந்த பையனுக்கு ஜீப் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் சின்ன வயதில் அடிவாரம் சோதனைச்சாவடியில் நின்றால் எஸ்டேட் ஜீப்புகள் வரிசையாக ஏறும். கேன்வாஸ் கூரை, பின்னால் உர மூட்டை, அதற்கு மேலே நாலு பேர். இறங்கும்போது காப்பியும் மிளகும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து காப்பி பூத்திருக்கிற வாரத்தில், கூரை இல்லாத வண்டியில் குப்பனூர் பாதையில் விடியற்காலை ஏறிப் பாருங்கள். அந்தப் பூ வாசனை மூடிய காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதற்காக ஒருவர் இந்த வண்டியை வாங்கினால் நான் குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாரத்தில் உங்களுக்கு லீவு கிடைக்குமா? கம்பெனி கொடுப்பது வருடத்துக்கு ஒரு மாதம். சில இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். பள்ளி விடுமுறையில் குடும்பத்துக்காரர்கள் முந்திக்கொள்வார்கள், மிச்சம் இருக்கிற மாதம்தான் புதிதாக வந்தவருக்கு. இங்கே ஏற்காட்டில் மே மாதமே மழை தொடங்கிவிடும். தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், நவம்பர் வரை விட்டு விட்டு நனைத்துக்கொண்டே இருக்கும். சரி, மழைக்கு முன்னால் ஏப்ரலில் வரலாம் என்றால் கீழே சேலத்தில் 40 டிகிரி. மத்தியானம் ஐந்து ரோட்டில் சிக்னலில் கூரையில்லாமல் நிற்க முடியாது. ஆக, மனசாரக் கூரையைக் கழற்றி ஓட்டக்கூடிய காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, அதிலும் காலையும் மாலையும்தான். உங்கள் லீவு அந்தக் காலத்தில் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாத வருடங்களில் இது வெறும் சத்தம் போடும் மூன்று கதவு வண்டி.

சத்தம் என்றேன். அந்தக் கூரையைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோவில் இது தெரியாது. மச்சினனின் வண்டியில் கூரை என்பது முரட்டுத் துணி. முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தோடு கொக்கி, பக்கங்களில் வெல்க்ரோ, பின்னால் ஜிப். பட்டனைத் தட்டினால் மடங்குகிற சமாச்சாரம் இல்லை, கையால்தான் கழற்ற வேண்டும், இரண்டு பேர் இருந்தால் நல்லது. பின்பக்க ஜன்னல்கள் கண்ணாடி இல்லை, தடித்த பிளாஸ்டிக் தாள். அவர் நாகலூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், தூசி படிந்தால் ஆட்கள் காய்ந்த துணியால் துடைத்துவிடுகிறார்கள். அதனால் தாள் முழுக்க மெல்லிய கோடுகள் விழுந்து, எதிர்வெயிலில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியவில்லை. ஈரத்தோடு மடித்து வைத்த இடத்தில் மடிப்போரம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஜிப்பில் மண் ஏறியிருந்ததால் பாதியில் சிக்கிக்கொண்டது. பல் பல்லாகப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் நகர்ந்தது. இவ்வளவுக்கும் அவர் தினமும் ஓட்டுகிற மனுஷன்.

லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். ஏற்காட்டுக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வருவதற்குள் ஒன்று பின்சீட்டில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. குரங்கு நுழைகிற இடத்தில் மனுஷன் கையும் நுழையும். துணிக்கூரை வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் ஒரு சின்னக் கத்தி போதும். பையை, லேப்டாப்பை, பாஸ்போர்ட்டை எதையும் உள்ளே விட முடியாது. லீவில் வருகிறவன் கையில் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ட் கார்டும் எப்போதும் இருக்கும், இதை மறக்காதீர்கள்.

அப்புறம், எந்த மாடலில் துணிக்கூரை கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் சாஃப்ட் டாப், ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை) இரண்டும் வந்தன. 2023இல் விலை குறைவாக வந்த 1.5 லிட்டர் டீசல், பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ளது, அது ஹார்ட் டாப். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் துணிக்கூரை இல்லை. மாருதி ஜிம்னியிலும் ஃபோர்ஸ் கூர்க்காவிலும் கூரையைக் கழற்ற முடியாது. பழைய மாருதி ஜிப்ஸி இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஏர்பேக்கே இல்லாத வண்டியை முதல் காராக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஹார்ட் டாப் வாங்கி வெளியே துணிக்கூரை தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் விமானம் ஏறிய பிறகு மீதி பதினோரு மாதம் இந்த வண்டி என்ன செய்யும்?

அப்பா பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தாலும், இந்த வண்டியை அவர் தினமும் எடுப்பாரா? தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். ஏறுவதற்கே ஒரு கால் தூக்கிப் பிடித்து ஏற வேண்டும். பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது, முன்சீட்டை மடக்கி இடுக்கில் நுழைய வேண்டும். என் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோரிமேடு வரை போய்வருவதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்து, ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது என்றால், அதற்கு இது உதவாது. அதற்கு நாலு கதவு உள்ள சாதாரணக் கார்தான் வேண்டும், அதைத் தனியாக யோசியுங்கள்.

ஓட்டாமல் நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை, கெட்டுக்கொண்டே நிற்கும். சில வாரத்தில் பேட்டரி இறங்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். பிரேக் டிஸ்க்கில் துரு பிடிக்கும். கன்னங்குறிச்சி வீடுகளில் எலி வராத போர்ட்டிகோ எது? என்ஜின் சூட்டுக்குப் போய் உட்கார்ந்து வயரைக் கடித்துவிடும். அப்பா வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார், அது போதும் என்று நினைப்பார். டீசல் வண்டிக்கு அது உதவாது. 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமென்றால் வண்டி நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் உறுமுவதும், கடைத்தெரு வரை போய்வருவதும் கரியைச் சேர்க்கத்தான் செய்யும். கடைசியில் டேஷ்போர்டில் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போக வேண்டும். யார் இழுத்துப் போவது?

அப்படியென்றால் ஓட்டட்டுமே, நண்பர்களிடம் கொடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றும். திறந்த ஜீப் என்றால் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்பார்கள், சனிக்கிழமை ஏற்காட்டுக்குக் கேட்பார்கள். உங்கள் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லை என்றால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கல். அபராதச் சீட்டு உங்கள் பெயரில் உங்கள் மொபைலுக்கு வரும். கூரையில்லாத வண்டியில் பையன்கள் எழுந்து நின்றுகொண்டு போவார்கள், ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. இதை மஸ்கட் ரூமில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தால் தூக்கம் வராது. அங்கே வந்த புதிதில் ஏற்கனவே ஊரை நினைத்துத் தூக்கம் கெடுகிற காலம், இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

நாலு சக்கர இயக்கம் மலைக்குத் தேவைப்படுமே என்று எழுதியிருந்தீர்கள். சேலத்திலிருந்து ஏற்காடு வரை நல்ல தார் ரோடு. அரசுப் பேருந்து அதில் தினமும் ஏறுகிறது. தார் ஜீப்பில் இருப்பது பார்ட் டைம் 4x4, அதாவது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்கிற நாலு சக்கர இயக்கம். முன், பின் அச்சு இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் 4ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கிற சாதாரண வேக நிலை) போட்டுத் திருப்பினால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முறுக்கும், கியர்பாக்ஸுக்குத்தான் கேடு. மலைப்பாதைக்கு வேண்டியது 4x4 இல்லை, இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜின் பிடிப்பில் இறங்குகிற பழக்கமும், ஏறி வருகிறவருக்கு வழி விடுகிற பொறுமையும்தான்.

4எல், அதாவது மெதுவாக அதிக இழுவையோடு போகிற நிலை, உண்மையில் பயன்படுகிற இடம் தோட்டத்துக்குள். மழையில் சிவப்பு மண் சேறாகிப் போன எஸ்டேட் பாதையில் மச்சினனின் வண்டி மூட்டையோடு ஏறுவதை நேரில் பார்த்தேன், அங்கே அது இல்லாமல் முடியாது. ஆனால் அது அவருடைய தோட்டம். மற்றவர் எஸ்டேட்டில் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. மீதி இருப்பது காப்புக்காடு, அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் வண்டியை விட்டால் வழக்கு. காட்டெருமை திரிகிற இடம் வேறு. மலைக் கிராமங்களுக்கும் இப்போது பெரும்பாலும் ரோடு போட்டுவிட்டார்கள். ஆகவே ‘ஆஃப் ரோடு’ என்று ஒரு சேலத்துக்காரர் சொந்தமாக ஓட்டிப் பார்க்கச் சேர்வராயனில் இடம் மிகக் குறைவு.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதில், நாலு மீட்டருக்குள் இருக்கிற 1.5 லிட்டர் டீசல் தாருக்கு 18 சதவீதம், 2 லிட்டர் பெட்ரோலுக்கும் 2.2 டீசலுக்கும் 40. நாலு சக்கர இயக்கம் அந்தப் பெரிய என்ஜின்களில்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி, 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். புது வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். சொந்த சேதப் பாலிசியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடியும் போய்விடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இவ்வளவும் கொடுத்து, வருடத்தில் ஒரு மாதம் ஓட்டுகிற வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டுவீர்கள். வந்த முதல் வருடத்தில் அந்தப் பணம் வங்கியில் ஆறு மாதச் செலவுக்கு இருப்புப் பணமாக இருந்தால், கம்பெனி ஆளைக் குறைக்கிறது என்ற பேச்சு வருகிற அன்றைக்கு அதன் அருமை தெரியும்.

இனி மஸ்கட். எனக்குக் கேட்டால் உங்கள் ஆசை நிறைவேறுகிற இடம் அதுதான். முதலில் ஓமன் லைசென்ஸ். டிரம், ஸ்லோப், ரோடு என்று மூன்று டெஸ்ட். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் ரிவர்ஸில் டிரம்முக்கு நடுவே நுழைப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும், வலப்பக்கம் ஓட்டுவதும் கைக்கு வர வேண்டும். லைசென்ஸ் வந்த கையோடு ராங்லர் தேடாதீர்கள். ரூவியிலும் அல் குவைரிலும் தெருவுக்குப் பழகக் கொஞ்ச நாள் யாருடைய சின்னக் காரையாவது, இன்சூரன்ஸில் உங்கள் பெயர் செல்லுமா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

அதன் பிறகு பழைய ராங்லர் பார்க்கலாம். துணிக்கூரை வேண்டாம், ஹார்ட் டாப்பையே பாருங்கள். அதில் முன்பக்கக் கூரை இரண்டு பலகையாகத் தனியே கழன்று வரும், டிசம்பர் மாதச் சாயங்காலத்துக்கு அது போதும். மே முதல் செப்டம்பர் வரை கூரையை மூடி ஏசி போட்டுக்கொண்டுதான் ஓட்ட முடியும். ஜிசிசி ஸ்பெக்கா (வளைகுடா நாடுகளுக்கென்று செய்தது), அமெரிக்காவிலிருந்து வந்த வண்டியா என்று முல்கியாவோடு (பதிவு அட்டை) சேஸிஸ் எண்ணையும் வைத்துப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்து கப்பலில் வருகிற வண்டிகளும் வளைகுடாச் சந்தையில் உண்டு. பாலிசியில் ரோட்டை விட்டு இறங்கினால் சேதத்துக்குப் பணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த வண்டிக்கு ஓமனில் உண்மையான வேலை இருக்கிறது. ஜபல் அக்தர் அடிவாரத்தில், பிர்கத் அல் மூஸ் தாண்டியதும் போலீஸ் சோதனைச்சாவடி. 4x4 இல்லாத காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே சைக் பீடபூமி சுமார் 2000 மீட்டர், நம் ஏற்காடு 1500 சொச்சம்தான். மாதுளைத் தோட்டமும் ரோஜாத் தோட்டமும் படிக்கட்டு மாதிரி இறங்கும். மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம், வெள்ளிக்கிழமை போய்வந்துவிடலாம். வருடத்தில் ஒரு மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வாதியில் (மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாறு) தண்ணீர் ஓடும்போது, வண்டி எவ்வளவு உயரமாக இருந்தாலும் இறங்காதீர்கள். மழை மலையில் பெய்திருக்கும், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், தண்ணீர் திடீரென்று வரும். ஓடுகிற வாதியைக் கடப்பது அங்கே சட்டப்படியும் குற்றம்.

திரும்பி வரும்போது அந்த வண்டியைக் கப்பலில் ஊருக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதால் இந்தியாவில் பதிவு செய்ய முடியாது. அங்கேயே விற்றுவிட்டுத்தான் வர வேண்டும். எனவே விற்கும்போது விலை போகிற வண்டியாக வாங்குங்கள்.

இந்த லீவுக்கு என்ன செய்யலாம்? சேலத்திலோ பெங்களூரிலோ சொந்தமாக ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தார் கிடைக்கும். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். தெரிந்தவர் என்று வெள்ளை பிளேட் வண்டியைக் காசு கொடுத்து எடுத்தால் விபத்தில் இன்சூரன்ஸ் நிற்காது. இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், மழையில் ஒரு முறை கூரையைப் போட்டுப் பாருங்கள், பைபாஸில் 80க்கு மேல் போய்ப் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். வார நாளில் மலை ஏறுங்கள், சனி ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம், வளைவுக்கு வளைவு நிற்க வேண்டிவரும்.

அதற்கு முன்னால், பெட்டியில் இருக்கிற இந்திய லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறும் புதுப்பிப்பு கிடையாது, ஆர்டிஓவில் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும், அதற்கே லீவில் பாதி போய்விடும். முடிகிற தேதி அடுத்த லீவுக்கு முன்னால் வருகிறது என்றால் இந்த முறையே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், ஒரு வருடம் முன்னதாகவே புதுப்பிக்க அனுமதி உண்டு.